டோக்கன்காரம்மாவின் அணி

மகன் வேலைக்காக வெளியூர் போனபோது அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது ஒரே ஒரு பொறுப்பைத்தான். தினமும் அவனுடைய கம்ப்யூட்டரைப் போட்டு, விளையாட்டைத் திறந்து, மூலையில் இருக்கும் பரிசுப் பெட்டியை ஒருதரம் அமுக்க வேண்டும். முந்நூற்றுப் பதினோரு நாள் விடாமல் அமுக்கியிருக்கிறானாம். ஒரு நாள் தவறினாலும் எல்லாம் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். போகிற இடத்தில் அவன் கம்ப்யூட்டர் வாங்கச் சில மாதங்கள் ஆகும்.

"செடிக்குத் தண்ணி ஊத்தற மாதிரிதாம்மா. பெட்டிய அமுக்கு, மூடிடு. வேற எதையும் தொட்டுடாத."

தொடுகிற ஆள் இல்லை அவள். குழந்தை டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் பதினோரு வருஷமாக வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். காலையில் எட்டிலிருந்து ஒன்று, மாலையில் ஐந்திலிருந்து ஒன்பது. வருகிறவர்கள் எல்லோரும் டோக்கன்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரை டாக்டரே வருகைப் பதிவேட்டைப் பார்த்துத்தான் சொல்லுவார். கொடுத்த வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்வாள். மத்தியானம் சாப்பிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, சரியாக இரண்டேகாலுக்கு மகனின் அறைக்குப் போய்ப் பெட்டியை அமுக்கிவிட்டு வருவாள்.

ஒன்பதாம் நாள் விளையாட்டை நடத்துகிறவர்கள் திரையை மாற்றிவிட்டார்கள். பெட்டி இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு பொத்தான் இருந்தது. புதுப் பெட்டி போலிருக்கிறது என்று நினைத்து அதை அமுக்கினாள். மணி அடித்தது, திரை இருண்டது, அடுத்த நிமிஷம் ஒரு கோட்டை வாசலில் நாலு பேரோடு நின்றுகொண்டிருந்தாள்.

அந்த விளையாட்டு அப்படித்தான். சிவப்புப் பொத்தானை அமுக்கியவர்களில் ஐந்து ஐந்து பேராகப் பொறுக்கி ஓர் அணியாக நிறுத்திவிடும். முன்பின் தெரியாதவர்கள், இருபது நிமிஷம் ஒரு கோட்டையைக் காப்பாற்ற வேண்டும், முடிந்ததும் அவரவர் வழியில் போகலாம். அணியில் ஒருவருக்கு வைத்தியர் வேலை. அடிபட்டவர்கள்மேல் பச்சை வெளிச்சம் பாய்ச்சி அவர்களை எழுப்பிவிட வேண்டும். அன்று அது அவள் தலையில் விழுந்தது. எப்படி வெளியே வருவது என்று தெரியாமல் கைக்கு வந்த பொத்தானையெல்லாம் தட்டினாள். ஒரு தட்டுக்குப் பச்சை வெளிச்சம் கிளம்பிப்போய், அடிபட்டுச் சாய்ந்து கிடந்த ஒரு மலைபோன்ற ஆள்மேல் விழுந்தது. அவன் எழுந்தான். திரையின் அடியில் ஒரு வார்த்தை வந்தது: நன்றி.

கிளினிக்கில் நன்றியெல்லாம் டாக்டருக்கு. டோக்கன் மேசைக்கு வருவது, "இன்னும் எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்பதுதான். அவள் அந்த வார்த்தையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்து வெளியே வந்தபிறகுதான் பெட்டி எதிர் மூலைக்கு மாறியிருப்பதைப் பார்த்து அமுக்கினாள். மறுநாள் பெட்டியை அமுக்கிய கையோடு சிவப்பையும் அமுக்கினாள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு விளையாடுகிறவர்கள் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? படிக்கிறவர்கள் படிக்கப் போயிருப்பார்கள், உத்தியோகக்காரர்கள் உத்தியோகத்தில். மீதி இருப்பது வேலை இரண்டு துண்டாக உள்ளவர்களும் இரவு வேலைக்காரர்களும்தான். அதனால் விளையாட்டு எத்தனை தரம் குலுக்கிப் போட்டாலும் அதே முகங்கள்தான் மறுபடி மறுபடி வந்து விழுந்தன. முகம் என்றால் பட்டப்பெயர். மலைபோன்ற ஆள் தூண். கிடங்கில் காலையும் மாலையும் வேலை, நடுவில் அங்கேயே இருந்துவிடுவான், அவன் பேசும்போதெல்லாம் பின்னால் ஏதோ வண்டி பின்வாங்கும் சத்தம் கேட்கும். விடுதிச் சமையற்காரர் ஒருவர், பெயர் கரண்டி. அழைப்பு மையத்தில் இரவு வேலை பார்க்கிற பெண் அணில், வாய் மூடவே மூடாது. நாலாவது ஊசி, தூரத்திலிருந்து சுடுகிறவன். என்ன வேலை என்று அவனும் சொன்னதில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை. அவளுக்கு மகன் வைத்திருந்த பெயர்தான்: புயல்.

ஆட்டம் முடிந்ததும் ஒவ்வொரு பெயர் பக்கத்திலும் ஒரு கூட்டல் குறி பத்து வினாடி மின்னும். அது எதற்கென்று மகனிடம் போனில் கேட்டாள்.

"அதை அமுக்கினா நிரந்தரமா ஒரே டீம்ல சேர்ந்துடுவாங்க. அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? நீ பெட்டிய மட்டும் அமுக்கு."

அன்று மத்தியானம் நாலு குறிகளையும் அமுக்கினாள். நாலு பேரும் ஏற்கெனவே அமுக்கிவிட்டுத்தான் காத்திருந்தார்கள்.

மைக்கில் அவள் பேசவில்லை. முதலில் பேசத் தெரியாமல், பிறகு பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில். தட்டச்சுதான். வந்த புதிதில் நாலு பேரும் ஒரே நேரத்தில் "ஹீல், ஹீல்" என்று பச்சை வெளிச்சம் கேட்டுக் கத்துவார்கள். பதினோரு வருஷம் அழுகிற குழந்தைகளுக்கு நடுவே உட்கார்ந்தவளுக்கு இதெல்லாம் ஒரு சத்தமா? ஆளுக்கொரு எண் போட்டாள். 1 தூண், 2 கரண்டி, 3 அணில். எண் வந்தவர் முன்னால் வரலாம், மற்றவர்கள் சுவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். பெரிதாக அலறுகிற அணிலுக்கு எப்போதும் கடைசி எண்தான். அலறத் தெம்பு இருக்கிறதல்லவா? சத்தமே இல்லாமல் ஓரமாகச் சரிகிற ஊசிக்கு, எண்ணைக்கூடப் பார்க்காமல் முதலில் வெளிச்சம் போகும்.

"என்ன புயல், டோக்கன் போடற மாதிரி போடறீங்க?" என்று கரண்டி ஒருநாள் சிரித்தார். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவள் போடும் எண்ணுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. டோக்கன் போட்டால் நகர வேண்டும், போடாவிட்டால் சுவரைவிட்டு நகரக் கூடாது என்பது அந்த அணியின் சட்டமாகிவிட்டது. ஐந்து மாதத்தில் அவர்கள் தோற்றதை விரல்விட்டு எண்ணலாம்.

பெரிய பந்தயம் ஒன்று வந்தது. ஜெயிக்க ஜெயிக்க ஏறுகிற படிகளில் இருபதாம் படிக்கு மேலே உள்ளவர்கள்தான் சேரலாம். வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரைக்குள் ஐந்து பெயரைப் பதிய வேண்டும். பதிந்தபின் மூன்று மாதத்துக்குப் பெயரை மாற்ற முடியாது. தூண் ஒரு வாரமாக அதே பேச்சாக இருந்தான். அவளும் துணி காயப்போடும்போதுகூட எந்தச் சுவருக்குப் பின்னால் யாரை உட்கார வைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஆட்டம் தொடங்கும் நேரத்தில் திரை அவளை வெளியே தள்ளியது. இந்தப் பெயரில் வேறோர் இடத்தில் நுழைந்திருக்கிறார்கள் என்று ஏதோ எழுதிக் காட்டியது. அவள் இணையம் போய்விட்டது என்று நினைத்து, மோடத்தை அணைத்துப் போட்டாள், வயரைப் பிடுங்கிச் செருகினாள், அடித்துப் பிடித்துப் பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். அரைமணி நேரத்தில் மகன் போன் பண்ணினான்.

"அம்மா, புது லேப்டாப் வாங்கிட்டேன். யாரும்மா இவங்கெல்லாம்? உள்ள போனதும் 'வந்தாச்சா, உனக்காகத்தான் காத்துட்டிருக்கோம்'ங்கறாங்க. டோக்கன் எங்க, டோக்கன் எங்கன்னு கேக்கறாங்க. நான் என்ன டோக்கன்னு டைப் பண்ணினா ஜோக்குன்னு சிரிக்கறாங்க. அப்புறம் நாலு பேரும் செவுத்துக்குப் பின்னால போய் உக்காந்துட்டாங்கம்மா! எதிரி நேரா உள்ள வந்து கோட்டையைப் புடிச்சிட்டுப் போயிட்டான். ஆறே நிமிஷம். ஒருத்தரும் எழுந்திருக்கல!"

கையும் களவுமாகப் பிடிபட்டவள் வேறு என்ன செய்வாள்? எல்லாவற்றையும் சொன்னாள். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் குரலை இறக்கினான்.

"அம்மா, இந்த ஊருக்கு வந்து அஞ்சு மாசம் ஆச்சு. ஆஃபீஸ்ல வேலையைப் பத்தித் தவிர யாரும் ஒரு வார்த்தை பேசறதில்ல. எனக்கு ஷிஃப்ட் அஞ்சு மணிக்குத்தான், மத்தியானமெல்லாம் ரூம்ல செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். இன்னிக்குத்தான் முதல்முதலா என்னை நாலு பேர் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க." பிறகு கேட்டான். "அந்த டோக்கன் எப்படிப் போடறதுன்னு சொல்லிக் குடேன். அவங்களுக்கு வித்தியாசம் தெரியாது. அக்கவுண்ட் என்னோடதுதானே?"

அவளுக்கு இல்லை என்று வாய் வரவில்லை. ஒற்றைப் பிள்ளை. சரிடா என்றாள்.

கிளினிக்கிலிருந்து திரும்பியதும் கணவரிடம் சொன்னாள். லிஃப்ட் பழுது பார்ப்பவர், அன்று எங்கேயோ பாதியில் நின்ற லிஃப்டோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"அவன் பொருளை அவன்கிட்ட குடுத்துட்டுப் போவியா? இந்த வயசுல உனக்கு எதுக்கு விளையாட்டு? மத்தியானம் சித்த நேரம் படு, உடம்புக்கு நல்லது" என்றார். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. வேண்டுமென்று சொல்லியிருந்தால் அவளுக்கு அவ்வளவு சுருக்கென்று பட்டிருக்காது.

புதனும் வியாழனும் மகன் விளையாடினான், அவள் சொன்னாள். அந்த விளையாட்டைப் பெயர் இல்லாமலும் உள்ளே போய் வேடிக்கை பார்க்கலாம். திரையைப் பார்த்தபடி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். "கரண்டிக்கு ஒண்ணு போடு. அணில் கத்தட்டும், விடு. ஊசியைப் பாரு, ஊசியைப் பாருடா, சரியறான்." அவன் தட்டினான். புதன்கிழமை தட்டுத்தடுமாறி ஜெயித்தார்கள். வியாழக்கிழமை சுலபமாகவே ஜெயித்தார்கள். "புயல் பழையபடி வந்தாச்சு!" என்று அணில் கத்தியது மகனின் லேப்டாப் வழியாகப் போனில் கேட்டது. தூண் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினான். மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் கேட்டு மாசக்கணக்காயிற்று.

சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் பெற்ற பிள்ளைமேல் பொறாமைப்பட்டாள், அதை மூடி மறைக்க ஒன்றுமில்லை. நன்றி என்று எழுந்த தூண் அவளுடைய தூண். முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் ஓடி அடிவாங்குகிற அணிலை ஐந்து மாதம் சுவருக்குப் பின்னால் உட்காரப் பழக்கியது அவள். இப்போது அவர்களுக்கு அவள் என்று ஒருத்தி இருப்பதே தெரியாது. போனை வைத்தபிறகு மகனின் நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு கிளினிக்குக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினாலாம் எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்துக் கூப்பிட்டாள். இரண்டு தாய்மார்கள் கதவருகே முட்டிக்கொண்டார்கள். டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல்தரம்.

வீட்டுக்கு வந்ததும் அவள் சாப்பிடவில்லை. இரண்டு மணிக்கு விளையாட்டில் தனக்கென்று புதிதாக ஒரு கணக்குத் தொடங்கினாள். என்ன பெயர் என்று கேட்டது. டோக்கன்காரம்மா என்று போட்டாள். உலகத்தில் வேறு யாரும் அந்தப் பெயருக்குப் போட்டி போடவில்லை. முதல் படி, கையில் ஒரு குச்சிகூட இல்லை. அணிகள் பதிவுக்கு முன்னால் கூடுகிற அறைக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். இரண்டு இருபதுக்கு அங்கே போனாள். ஐந்து பெயரும் இருந்தன. மகனுடைய அழைப்பு போனில் வந்தது, எடுக்கவில்லை. மைக் படத்தின்மேல் இருந்த குறுக்குக் கோட்டை அமுக்கி மைக்கைத் திறந்தாள்.

"வணக்கம். நான்தான் புயல்."

"யாரு இந்த அம்மா?" என்றது அணில்.

"ரூம் மாறி வந்துட்டீங்க போலிருக்கு" என்றார் கரண்டி.

"ஒண்ணும் மாறல. கரண்டி, நீங்க ஒவ்வொரு தரமும் வடக்குக் கதவைத் திறந்து போட்டுட்டு வந்துடறீங்க, பின்னாடியே எவனாவது நுழையறான். அணில், மூணாம் நம்பர்னா மூணாவதாத்தான் வரணும், உனக்கு எத்தனை தரம் எழுதறது? தூண், உங்களுக்கு அடிபட்டா வாயத் திறந்து சொல்லணும். பல்லைக் கடிச்சிட்டு நின்னுட்டு அப்புறம் பொத்துன்னு விழறீங்க."

பேசவே பேசாத ஊசி பேசினான். "நம்ம புயல்தான்."

"அப்போ இங்க புயல்னு நிக்கறது?" என்றான் தூண்.

"என் பையன். அக்கவுண்ட் அவனோடது. அஞ்சு மாசமா விளையாடினது நான். திங்கக்கிழமை தோத்தது அவன். புதனும் வியாழனும் நான் போன்ல சொன்னேன், அவன் தட்டினான். உங்ககிட்ட சொல்லாதது தப்புதான், மன்னிச்சுக்குங்க."

"அம்மா..." என்றான் மகன். அந்த அறையில் அவன் குரல் கேட்டது அதுதான் முதல்தரம்.

"ரெண்டு இருபத்து மூணு" என்றான் தூண். கிடங்கு வண்டி பின்னால் கூவிக்கொண்டிருந்தது. "புதுப் பேர்ல உங்களைச் சேர்க்க முடியாதும்மா, முதல் படியில இருக்கீங்க. புயல் பேர்தான் பதிய முடியும். அந்தப் பேர்ல யாரு உக்காரப் போறீங்கன்னு நீங்க ரெண்டு பேரும்தான் சொல்லணும். நாங்க சொல்ல முடியாது."

அவள் மகனிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. படி என்று சொல்லியிருக்கிறாள், குளி என்று சொல்லியிருக்கிறாள். எனக்கு இதைக் கொடு என்று கேட்டதில்லை.

"அந்த இடத்தை எனக்குக் குடுத்துடுடா."

"மூணு வருஷம்மா அது. ஒண்ணாம் படியிலேருந்து நான் ஏத்தினது."

"தெரியும். பேரு உன்னோடது. இவங்க என்னோட ஆளுங்க."

"நீ எடுத்துட்டா நான் யார்கூடம்மா பேசறது?" நாலு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டான். "இந்த ஊர்ல எனக்கு யாருமே இல்ல."

வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கே அவள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போயிருப்பாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது, நீயே வைத்துக்கொள் என்று. அதற்குப் பதிலாக வேறொன்றைச் சொன்னாள்.

"எனக்குச் சொந்த ஊர்லயே யாரும் இல்லடா."

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னது பொய்யில்லை, ஆனால் சொல்லும்வரை அவளுக்கே அது தெரியாது.

இரண்டு இருபத்தைந்துக்குப் புயல் என்ற பெயர் அறையிலிருந்து மறைந்தது.

"போயிட்டாரு" என்றார் கரண்டி மெதுவாக.

பிள்ளையைக் கூட்டத்தில் வைத்து அவமானப்படுத்திவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது. போனை எடுத்து அவனைக் கூப்பிடப் போனாள். கூப்பிடுவதற்குள் அவனிடமிருந்தே ஒரு செய்தி வந்து விழுந்தது. புதுக் கடவுச்சொல், பன்னிரண்டு எழுத்து. கூட ஒரு வார்த்தை இல்லை. ஒற்றை விரலால் தட்டினாள். தப்பு என்றது. மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மறுபடி தட்டினாள். இரண்டு இருபத்தெட்டுக்குப் புயல் அறைக்குள் வந்தது.

"யாரு?" என்றான் தூண்.

"நான்தான்."

அவன் பதிந்துவிட்டான். ஐந்து பெயருக்கும் பூட்டு விழுந்தது. முதல் ஆட்டம் உடனே தொடங்கியது, அதில் தோற்றார்கள். அவசரத்தில் அவள் கரண்டிக்கும் ஊசிக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டாள்.

"விடுங்கம்மா. மூணு மாசம் இருக்கு, பாத்துக்கலாம்" என்றான் தூண்.

"ஆன்ட்டி, நாளைக்காவது எனக்கு ஒண்ணாம் நம்பர் போடுவீங்களா?" என்றது அணில்.

"மாட்டேன்."

அன்று மாலையும் மறுநாள் காலையும் அவள் மகனைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் அழுவான், அவன் அழுதால் கொடுத்துவிடுவாள் என்று அவளுக்கே தெரியும். சனிக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தார்கள். நாலு மணிக்குக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளினிக்குக்குப் புடவையை எடுத்து வைக்கும்போது போன் அடித்தது.

"அம்மா, இவ்வளவு நாளா மத்தியானம் நீ தூங்குவேன்னு நினைச்சேன்" என்றான் மகன். "அதனாலதான் கூப்பிடறதே இல்ல. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு."

"நான் எந்தக் காலத்துலடா மத்தியானம் தூங்கினேன்?"

"எனக்குத் தெரியாதும்மா." கொஞ்சம் தயங்கினான். "இன்னிக்கு ஆட்டத்தை வெளியில இருந்து பாத்தேன். கடைசியில எல்லாரும் கீழ விழுந்ததும், நீ தூணை விட்டுட்டு ஊசிகிட்ட போனியே. ஏன்?"

அவள் புடவையைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். ஏன் என்று சொன்னாள். அதைச் சொல்ல ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. ஊசியைச் சொன்னால் கரண்டி திறந்து போடும் கதவைச் சொல்லாமல் முடியாது. மகன் குறுக்கே பேசவில்லை, அப்புறம் அப்புறம் என்று மட்டும் கேட்டான். நாலே முக்காலுக்குத்தான் கடிகாரத்தைப் பார்த்தாள். நாளைக்கும் நாலு மணிக்குக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு, புடவையை அரைகுறையாகச் சுற்றிக்கொண்டு செருப்பைத் தேடினாள். தெருவில் பாதி தூரம் ஓடியபிறகுதான், மகன் சாப்பிட்டானா என்று கேட்கவே இல்லை என்பது அவளுக்கு நினைவு வந்தது.